ஹாலில் பார்க்கிங் டைல்ஸ்

அம்பாசமுத்திரம்
24 ஜூன் 2024

மருமகள் சண்முகப்ரியாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். எனக்குச் சர்க்கரை அடங்கியிருக்கிறது. உன் மாமாவுக்கு நாக்குதான் அடங்கவில்லை, முறுக்கு கேட்கிறது. உன் அப்பாவுக்கு நைட் ஷிப்ட் மாறியதா? அம்மாவின் இடுப்பு வலி தேவலையா?

உன் போனை அப்பா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். உங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கின் வாட்ஸ்அப் குழுவில் 'நாளை கொசுக் கணக்கெடுப்பு, வீட்டுக்குப் பத்துக் கொசு பிடித்து பாட்டிலில் தயாராக வைக்கவும்' என்று அறிவிப்புப் போட்டாயாமே. எதிர் குவார்ட்டர்ஸ் பொற்கொடி டீச்சர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வாசலில் காத்திருந்தாராம். பதினாறு வயதில் செய்கிற வேலையா இது? எனக்கு ஒரு விதத்தில் வசதி. போனில் பேசினால் என் காது மெஷின் கீச்சிடுகிறது. மாமா எடுத்தாலோ 'சரி சரி' என்று வைத்துவிடுகிறார். எது சரி என்று கேட்டால் அவருக்கே தெரிவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வாடகைக்கு விட்டிருக்கிற நம் வடக்குத்து வீட்டின் முன்னால் டைல்ஸ் இறக்கிய மினி லாரி நின்றதாகப் பக்கத்து வீட்டுக் காந்திமதி சொன்னாள். குடியிருக்கும் விஜயராஜும் சங்கீதாவும் நல்ல பிள்ளைகள்தான், ஒன்றரை வருஷமாக ஒரு குறை இல்லை. ஆனால் என் ஹால் தரை உனக்குத் தெரியும். கடலூரில் கடை கடையாக ஏறி இறங்கி நானே பொறுக்கிய வெள்ளை டைல்ஸ். குனிந்தால் முகம் தெரியும். மாமா வேண்டாம் என்றார். கடைக்காரனும் 'அம்மா, இது சுவருக்கு ஒட்டுறது' என்றான். அந்த வீட்டைக் கட்டும்வரை கம்பெனி குவார்ட்டர்ஸில் ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்டு வாழ்ந்தவள் நான். யாரையும் கேட்காமல் நான் செய்தது அந்தத் தரை ஒன்றுதான்.

அதில் யாராவது கை வைத்திருந்தால், ஆடி பிறப்பதற்குள் காலி செய்யச் சொல்லிவிடுவேன். நேரில் போய்ப் பார்த்து, விளையாட்டு இல்லாமல் எழுது. சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே.

உன் அத்தை,
இசக்கியம்மாள்


நெய்வேலி, பிளாக் 18
2 ஜூலை 2024

மதிப்புக்குரிய ஹவுஸ் ஓனர் அத்தைக்கு,

பதவி பறிக்கப்பட்ட முன்னாள் கொசுத்துறை அமைச்சர் பிரியாவின் வணக்கம். இங்கே அப்பாவுக்கு ஜெனரல் ஷிப்ட், அம்மாவுக்கு இருபத்து நாலு மணி நேர ஷிப்ட், தம்பி ஹரிக்கு ஷிப்டே இல்லை. எல்லாரும் சுகம். மாமாவின் நாக்குக்கு என் ஆறுதல்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வடக்குத்து போய் வந்தேன். அறிக்கை பின்வருமாறு.

கேட் கீச்சிடுகிறது. உங்கள் காது மெஷினோடு நன்றாகப் பேசிக்கொள்ளும். முருங்கை காய்த்துக் கிடக்கிறது. ஹாலுக்குச் சுவர்கள் நான்கு, எண்ணிப் பார்த்தேன், நான்கும் நின்றுகொண்டே இருக்கின்றன. கூரை மேலே இருக்கிறது. தரை கீழே இருக்கிறது. இரண்டும் இடம் மாறவில்லை.

லாரி வந்தது உண்மை. வந்த லாரி போய்விட்டது என்பது அதைவிட உண்மை.

சங்கீதா அக்கா எனக்கு மாங்காய் நறுக்கி உப்பு மிளகாய்த் தூள் போட்டுக் கொடுத்தார். பேசிக்கொண்டே முக்கால்வாசியை அவரே முடித்துவிட்டார். விஜயராஜ் அண்ணன் நிலக்கரி மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். உங்களை மிகவும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். (அண்ணன் தூக்கத்தில் கேட்டார்.)

வாய்ச்சொல்லை நம்பாத உங்களுக்காக ஓர் ஆதாரமும் இணைத்திருக்கிறேன். ஒரு முழு சார்ட் பேப்பரைத் தரையில் விரித்து அதன் மேல் பென்சிலால் தேய்த்து எடுத்தது. பாருங்கள், ஒரு மேடு பள்ளம் உண்டா? வழவழ, கொழகொழ. இந்த விஷயத்தில் நான் தரக்குறைவாக எதையும் சொல்ல மாட்டேன், தரைக்குறைவாகவும் சொல்ல மாட்டேன்.

மாமாவை முறுக்கிடமிருந்து காப்பாற்றவும்.

இப்படிக்கு,
தரை ஆய்வாளர் பிரியா


அம்பாசமுத்திரம்
11 ஜூலை 2024

சண்முகப்ரியாவுக்கு,

நாங்கள் இருவரும் நலமாகவே இருக்கிறோம், உன் கடிதம் வரும்வரை இன்னும் நலமாக இருந்தோம்.

என் டைல்ஸ் ஓரடிக்கு ஓரடி. ஒரு சார்ட் பேப்பர் அகலத்துக்குத் தேய்த்தால் ஜாயின்ட் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் விழ வேண்டும். நீ அனுப்பியதில் ஒரு கோடு இல்லை. மேல் ஓரத்தில் மட்டும் வட்டமாக ஒரு சின்ன அச்சு விழுந்திருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஸ்டிக்கர் பொட்டு. என் வீட்டுத் தரை எப்போது பொட்டு வைத்துக்கொள்ள ஆரம்பித்தது? உன் அம்மாவின் பீரோக் கண்ணாடிதானே அது?

என் ஹாலில் என்ன செய்திருக்கிறார்கள்? நேராகச் சொல்.

அத்தை

(ஓரத்தில், பொடி எழுத்தில்:) பிரியா கண்ணு, மெதுவாகச் சொல். மருந்து சாப்பிடும் நேரம் பார்த்துக் கடிதம் வருகிற மாதிரி அனுப்ப முடியுமா? மாமா.


நெய்வேலி
22 ஜூலை 2024

துப்பறியும் அத்தைக்கு,

பொட்டை வைத்து என்னைப் பொட்டென்று பிடித்துவிட்டீர்கள். அம்மாவும் அப்பாவும் ஹரியும் சௌக்கியம். நான் மட்டும் கொஞ்சம் நடுக்கமாக இருக்கிறேன். மருந்து சாப்பிட்டாயிற்றா? உட்கார்ந்துகொண்டுதானே படிக்கிறீர்கள்?

ஹால் முழுக்கப் பார்க்கிங் டைல்ஸ் போட்டிருக்கிறார்கள்.

ஆமாம் அத்தை, கார் ஷெட்டில் போடுகிற அதே சொரசொரப்பு சிமெண்ட் டைல்ஸ். செங்கல் நிறமும் மஞ்சளும் மாறி மாறி, கட்டம் கட்டமாக, கட்டத்துக்குள் வரி வரியாக. முதலில் பார்த்ததும் எனக்கே சைக்கிளை உள்ளே ஓட்டிக்கொண்டு போகலாமா என்று தோன்றியது. ஆனால் உங்கள் டைல்ஸில் ஒன்றைக்கூட உடைக்கவில்லை. அதன் மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். உங்கள் தரை அடியில் பத்திரமாகத் தூங்குகிறது. வேண்டும்போது தோண்டி எடுத்துக்கொள்ளலாம். தோண்டுவதற்கு நெய்வேலிக்காரர்களுக்குச் சொல்லியா தர வேண்டும்?

தரை ஓர் அங்குலம் உயர்ந்ததால் கதவு இடித்தது. அதனால் கதவின் அடியை இழைத்துவிட்டார்கள். (இந்த வரியை வேகமாகப் படித்துவிட்டு அடுத்த பத்திக்கு வந்துவிடுங்கள்.)

ஏன் செய்தார்கள் என்று கேட்பீர்கள். காரணம் எனக்குத் தெரியும். இப்போது சொல்ல முடியாது, சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். என் சத்தியம் சர்க்கரைப் பொங்கல் என்று நினைப்பீர்கள். இந்த ஒன்று அப்படியில்லை. கொஞ்ச நாள் பொறுங்கள்.

காலி செய்யச் சொல்வதாக இருந்தால், ஆடி பிறந்து ஆறு நாளாகிறது. ஆடியில் புது வீட்டில் பால் காய்ச்சுகிறவர்களைத் தமிழ்நாட்டில் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நானாக எதுவும் சொல்லவில்லை. உங்கள் சமையலறைக் காலண்டர் சொல்கிறது.

கோபத்தோடு இருப்பீர்கள், இருந்தாலும் பாசத்தோடு இருங்கள்.

பிரியா


அம்பாசமுத்திரம்
2 ஆகஸ்ட் 2024

சண்முகப்ரியாவுக்கு,

உடம்பு இருக்கிறது. உங்கள் எல்லாருக்கும் அப்படியே இருக்கட்டும்.

பார்க்கிங் டைல்ஸ். என் ஹாலில். என் வீடு என்ன பஸ் ஸ்டாண்டா, டூவீலர் ஸ்டாண்டா? கதவையும் இழைத்துவிட்டார்கள். தேக்குக் கதவு அது.

என்ன காரணமாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். ஆடி முடியட்டும். ஆவணியில் முதல் முகூர்த்த நாளில் ஒன்று அவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும், அல்லது அதையெல்லாம் பெயர்த்து எறிந்துவிட்டு என் தரையை எனக்குக் காட்ட வேண்டும். விஜயராஜிடம் இதை நீயே போய்ச் சொல். தயங்கினால் நான் வருகிறேன்.

இசக்கியம்மாள்

(ஓரத்தில்:) நலம். எழுத இடமில்லை. மாமா.


நெய்வேலி
26 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அத்தை,

இன்று சேட்டை இல்லை. (கொஞ்சம் இருக்கும். மூச்சு விடுகிற மாதிரி அது தானாக வரும்.) அப்பாவின் இருமல் நின்றுவிட்டது. மாமா நடைப்பயிற்சி போகிறாரா?

சத்தியம் நேற்றோடு முடிந்தது. சங்கீதா அக்கா மாசமாக இருக்கிறார். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குப் பிறகு. மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லக்கூடாது என்பார்களே, அதற்காகத்தான் என் வாயைக் கட்டிவைத்தார். என் வாயை! அத்தை, எனக்கு நாக்கில் தழும்பே விழுந்துவிட்டது.

ஜூன் மாதம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நாள் தள்ளிப் போச்சுன்னு தெரிஞ்ச வாரம் பாப்பா. மாப் போட்டுட்டு நின்னுகினு இருந்தேன். அவரு நைட் ஷிப்டு. கால் ஒரு பக்கம் போச்சு, நான் ஒரு பக்கம் போனேன். எப்டியோ சன்னல் கம்பியப் புடிச்சிகினேன். வூட்டுல ஒரு ஆள் இல்ல. விடியற வரைக்கும் அந்த எடத்துலியே உக்காந்துகினு இருந்தேன், எழுந்து நடக்க பயம்."

விஜயராஜ் அண்ணன் தொடர்ந்தார். "மறுநாளே பண்ருட்டிக்குப் போயி, எதுங்க வழுக்காதுன்னு கேட்டேன். கார் நிக்கிற டைல்ஸ்தான் வழுக்காதுன்னு சொன்னான். காரே நிக்கும், எம் பொண்டாட்டி நிக்க மாட்டாளா?"

உடைக்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தாராம். "வவுத்துல புள்ள இருக்கும்போது வூட்டுல உளி சத்தம் கேக்கக் கூடாதுங்க. அதான் மேலியே ஒட்டச் சொன்னேன்" என்றார்.

உங்கள் கட்டளையை நான் அவர்களிடம் சொன்னேன். அண்ணன் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அக்கா, "பொறக்கற வரைக்கும் மட்டும் இந்தத் தரையில இருந்துக்கறோம்னு கேளு பாப்பா" என்றார். கேட்டுவிட்டேன் அத்தை.

உங்கள் பதிலுக்காக நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கும்,
பிரியா


அம்பாசமுத்திரம்
30 செப்டம்பர் 2024

பிரியாவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். அங்கே மழை ஆரம்பித்துவிட்டதா? ஹரியை நனையவிடாதே.

பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் உளி விழக்கூடாது, சுவரில் ஆணி இறங்கக்கூடாது, வீடும் மாறக்கூடாது. இதை எனக்கு ஒருவர் சொல்ல வேண்டியதில்லை. குழந்தை பிறக்கும்வரை அந்தத் தரையை யாரும் தொட வேண்டாம். சங்கீதாவை இரும்புச்சத்து மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடச் சொல். பிறந்த பிறகு பெயர்க்க வேண்டும். அதில் மாற்றமில்லை.

ஒன்றுதான் எனக்கு ஆறவில்லை. குவார்ட்டர்ஸில் சமையலறைக்கு ஒரு பலகை அடிக்க நான் மனு எழுதிக் கொடுத்து, பதில் வந்த பிறகுதான் அடித்தேன். கேட்பது ஒரு மரியாதை. என்னிடம் கேட்டிருந்தால் முடியாது என்றா சொல்லியிருப்பேன்? முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். இருந்தாலும் கேட்டிருக்க வேண்டும் இல்லையா?

ஏன் யாரும் என்னைக் கேட்கவில்லை? இதற்கு மட்டும் பதில் எழுது.

அத்தை


நெய்வேலி
7 அக்டோபர் 2024

பெறுநர்: திரு. வேலுமணி, நாளிதழ் படிக்கும் மேஜை, கிளை நூலகம், அம்பாசமுத்திரம்

அன்புள்ள மாமா,

வீட்டுக்குப் போட்டால் அத்தை பிரித்துவிடுவார். நீங்கள் தினமும் காலையில் பேப்பர் படிக்கப் போகிற இடம் என்பதால் இங்கே போட்டேன். நூலகரிடம், வயதானவருக்குக் காதல் கடிதம் வந்திருக்கிறது என்று நினைக்க வேண்டாம் எனச் சொல்லிவிடுங்கள். உங்கள் முதுகு எப்படி இருக்கிறது?

விஜயராஜ் அண்ணன் ஜூன் மாதமே உங்களுக்குப் போன் செய்து, ஹாலில் வேறு டைல்ஸ் ஒட்டிக்கொள்ளலாமா என்று கேட்டாராம். நீங்கள் 'சரி' என்றீர்களாம். கூடவே 'அவளுக்கு இப்போது சொல்லாதீங்க, நானே சொல்லிக்கிறேன்' என்றும் சொன்னீர்களாம். அவர் இன்றுவரை அத்தையிடம் உங்களைக் காட்டிக் கொடுக்கவில்லை. 'சார் பேரு வெளிய வரக்கூடாதும்மா, பெரியவங்க வூட்டுல சண்ட வரும்' என்கிறார். திட்டு முழுவதையும் அவரே வாங்கிக்கொள்கிறார்.

இப்போது அத்தை, ஏன் என்னை யாரும் கேட்கவில்லை என்று கேட்டு எழுதியிருக்கிறார். உங்கள் வழுக்கை மேல் வைத்திருக்கும் மரியாதையால் நான் இன்னும் வாய் திறக்கவில்லை. ஆனால் மாமா, என் வாயின் கொள்ளளவு உங்களுக்குத் தெரியும்.

சீக்கிரம் எழுதுங்கள்.

பிரியா


அம்பாசமுத்திரம், கிளை நூலகம்
18 அக்டோபர் 2024

பிரியா கண்ணுக்கு,

முதுகு பரவாயில்லை. நூலகர் ஒரு வாரமாக என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். உன் அப்பாவையும் அம்மாவையும் கேட்டதாகச் சொல்.

ஆமாம், சரி என்று சொன்னது நான்தான். அந்தத் தரையில் நான் விழுந்திருக்கிறேன். முதலில் கிரகப்பிரவேசத்துக்கு மறுநாள், பால் சொம்போடு. அப்புறம் ஒரு தீபாவளிக்கு, எண்ணெய்க் காலோடு. அப்புறம் உன் அத்தை சோப்புத் தண்ணி போட்டுக் கழுவிவிட்ட ஒரு நாள், முழங்கை வீங்கிவிட்டது. ரிட்டயர் ஆகாத காலம் அது. வேலைக்கு வருகை பதிகிற டைம் ஆபீஸ் படியில் விழுந்துவிட்டேன் என்று சொன்னேன். அவள் இரண்டு நாள் டைம் ஆபீஸைத் திட்டிக்கொண்டே ஒத்தடம் கொடுத்தாள்.

ஏன் சொல்லவில்லை என்கிறாயா? தரையைத் துடைத்து முடித்ததும் அவள் குனிந்து அதில் தன் முகத்தைப் பார்ப்பாள். அப்போது அவள் முகத்தை நீ பார்த்ததில்லை. நான் தினமும் பார்த்தேன். விழுவது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

ஆனால் அந்தப் பையன் போனில், 'சார், வழுக்குதுங்க, அவ மாசமா இருக்கறா' என்றதும் என் முழங்கை வலித்தது. சரி என்றுவிட்டேன்.

அத்தையிடம் நானே சொல்கிறேன். நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஜூன் மாதத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாமா


நெய்வேலி
5 நவம்பர் 2024

அன்புள்ள அத்தை,

தீபாவளி முறுக்கு மாமாவை எத்தனை சுற்று வென்றது? இங்கே எல்லாருக்கும் வயிறு மட்டும் சரியில்லை, காரணம் அம்மாவின் அதிரசம்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நீங்களே நேரில் வந்து கேட்டுக்கொள்ளலாம். குழந்தை பிறந்த பிறகு செய்ய வேண்டிய வேலைக்கு இப்போதே மேஸ்திரியிடம் பேசி வைப்பது நல்லது. நவம்பர் 22, வெள்ளிக்கிழமை காலை மேஸ்திரியை வடக்குத்து வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். உங்கள் பழைய டைல்ஸில் மிச்சம் ஏதாவது இருந்தால் மாதிரிக்கு ஒன்று எடுத்து வாருங்கள்.

நகை போட்டு, அந்த மாம்பழ நிறப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு வாருங்கள். மேஸ்திரி ஒரு மரியாதையோடு பேசுவார்.

அத்தைக்கு அடங்கிய மருமகள்,
பிரியா


நெய்வேலி
24 நவம்பர் 2024

நாளிதழ் மேஜையில் உட்கார்ந்திருக்கும் அன்பு மாமாவுக்கு,

அத்தை ரயில் ஏறிவிட்டார். இந்தக் கடிதம் வருவதற்குள் அவரே வந்திருப்பார். ஆனால் நடந்ததில் பாதியை அவர் உங்களிடம் சொல்ல மாட்டார். அதனால் எழுதுகிறேன். நாங்கள் சுகம். நீங்கள் சுகமாக இருங்கள், இன்னும் சில நிமிஷங்களுக்காவது.

வெள்ளிக்கிழமை மேஸ்திரி வரவில்லை. மேஸ்திரியை நான் கூப்பிடவே இல்லை. அன்றைக்குச் சங்கீதா அக்காவுக்கு வளைகாப்பு.

வாசலில் மாவிலைத் தோரணத்தையும் செருப்புக் குவியலையும் பார்த்ததும் அத்தை நின்றுவிட்டார். "எத்தன மேஸ்திரிட்டி வரச் சொன்ன? இம்புட்டுச் செருப்பு கிடக்கு?"

நான் பதில் யோசிப்பதற்குள் பக்கத்து வீட்டுக் காந்திமதி அக்கா ஓடி வந்து அத்தையின் கைப்பையை வாங்கிக்கொண்டார். "வாங்கக்கா வாங்க! திருநெல்வேலிப் பக்கத்துலேர்ந்து சீரு கொண்டாந்தீங்களா?" பைக்குள் துண்டில் சுற்றி இருந்தது அத்தையின் மாதிரி டைல்ஸ், மாமா. காந்திமதி அக்கா துண்டைப் பிரித்து, "அய்யய்ய, எவ்ளோ பளபளன்னு இருக்குது பாருங்க, கண்ணாடித் தட்டு!" என்று தூக்கிக் காட்டினார். சீர்வரிசையின் நடுவில் வைத்து, அதன் மேல் சந்தனக் கிண்ணத்தையும் கண்ணாடி வளையல்களையும் அடுக்கிவிட்டார்கள். வளையல் ஒவ்வொன்றும் டைல்ஸில் இன்னொரு வளையலாகத் தெரிந்தது. அத்தை என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

வாசலில் கால் கழுவத் தண்ணீர் கொடுத்தார்கள். ஈரக்காலோடு ஹாலுக்குள் காலை வைத்தவுடன் அத்தையின் கை தானாகச் சுவரைப் பிடித்தது, கால்விரல்கள் தரையைக் கவ்வின. எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது, இந்த வீட்டில் அத்தை எப்போதுமே இப்படித்தான் நடப்பார். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஹரி அதை நடித்துக்கூடக் காட்டுவான்.

அந்த நேரம் ஆலத்தித் தண்ணீர் யார் கையிலிருந்தோ தரையில் கொட்டியது. அத்தையைப் பார்த்த சங்கீதா அக்கா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து நேராக அந்த ஈரத்தின் மேலேயே விறுவிறு என்று வந்தார்.

"ஏ பிள்ள! நில்லு! வராத!" என்று அத்தை போட்ட சத்தத்தில் பாட்டுப் பாடியவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"வழுக்காதுங்கம்மா" என்றார் அக்கா. வந்து எதிரில் நின்றார். "உங்களக் கேக்காம செஞ்சிட்டோம். தப்புதாங்கம்மா."

அத்தை அவருடைய பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரிலிருந்து கையை எடுத்தார். ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி. எதையும் பிடிக்காமல் ஹாலின் நடுவுக்கு வந்துவிட்டார்.

"கேக்கலன்னு யாரு சொன்னா?" என்றார். "நீங்க கேட்டிருப்பீங்க. சரின்னு தலையாட்ட ஒரு ஆளும் இருந்திருக்கும்."

யாருக்கும் புரியவில்லை. எனக்கும் விஜயராஜ் அண்ணனுக்கும் மட்டும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

அப்புறம் அத்தைதான் முதல் வளையல் போட்டார், நம்புங்கள். அந்த டைல்ஸ் தட்டிலிருந்தே எடுத்து, சிவப்பு ஒரு கை, பச்சை ஒரு கை. புளியோதரை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். காந்திமதி அக்காவிடம் "சீரு பிடிச்சிருக்கா?" என்று கேட்டுச் சிரித்தார்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது என் காதைப் பிடித்துத் திருகினார். "மேஸ்திரியாக்கும், மேஸ்திரி!" திருகிக்கொண்டே சொன்னார்: "உங்க மாமா அந்த ஹால்ல எத்தன தடவ விழுந்தாருன்னு எனக்குத் தெரியாதாட்டி? டைம் ஆபீஸ் படியில விழுந்த மனுசனுக்குச் சட்ட முதுகெல்லாம் எப்படி சோப்புத் தண்ணி இருக்கும்? நான் பிடிச்ச பிடிவாதத்துல வாங்குன டைல்ஸு. எப்படி ஒத்துக்க? அவரு படியத் திட்டச் சொன்னாரு, நானும் திட்டிட்டுப் போனேன்."

மாமா, நீங்கள் தரையில் விழுந்த அன்றே அது அத்தையின் கண்ணிலும் விழுந்துவிட்டது. இத்தனை வருஷமாக நீங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பாவப்பட்ட படியைத் திட்டியிருக்கிறீர்கள்.

ஆனால் ஒன்று. தரையைப் பெயர்ப்பதா, விடுவதா என்று அத்தை சொல்லவே இல்லை. நானும் கேட்டேன், அப்பாவும் கேட்டார். 'பார்ப்போம்' என்று ரயிலேறிவிட்டார். சங்கீதா அக்காவைப் பிரசவத்துக்குக் குறிஞ்சிப்பாடிக்கு, அவர் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். ஆட்டோவில் ஏறும்போது என் கையைப் பிடித்து, "புள்ளயத் தூக்கிகினு இந்த வூட்டுக்குத்தான வருவேன், பாப்பா?" என்று கேட்டார். நான் அவர் கை வளையல்களை எண்ணுவது மாதிரி நடித்தேன்.

அத்தை வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் நீங்களே பேசிவிடுங்கள். நல்ல நேரமெல்லாம் பார்க்க வேண்டாம்.

காது சிவந்த,
பிரியா


அம்பாசமுத்திரம்
20 பிப்ரவரி 2025

என் கண்ணு பிரியாவுக்கு,

எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. குழந்தை பிறந்த சேதி வந்த அன்று கேசரி கிண்டினேன், கிண்டியவளே சாப்பிடாமல் இருக்க முடியுமா? மாமாவுக்கு வாய் திறந்துவிட்டது. நவம்பரிலிருந்து தினம் ஒரு கதையாக, எங்கே எப்படி விழுந்தார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நாளுக்கு நாள் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. உன் அப்பாவிடம் போனைக் கொடுத்துவிடச் சொல்லி எழுதியிருக்கிறேன். பரீட்சை முடிந்ததும் கிடைக்கும்.

விஜயராஜ் எனக்குக் கடிதம் போட்டிருந்தான். போன் இல்லை, கடிதம். பெண் குழந்தை, மூன்று கிலோ என்று எழுதிவிட்டு, 'அம்மா, தரையை எப்போது பெயர்க்கட்டும்? தங்கள் அனுமதி வேண்டும்' என்று கேட்டிருந்தான். எனக்கு யாரும் இப்படிக் கேட்டு எழுதியதில்லை. இரண்டு தடவை படித்தேன்.

பெயர்க்க வேண்டாம் என்று பதில் போட்டுவிட்டேன். கதவுக்கு அடியில் இழைத்த இடத்தில் மட்டும் வார்னிஷ் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். இங்கே எங்கள் ஹாலிலும் அதே டைல்ஸ்தான் ஒட்டப்போகிறோம், செங்கல் நிறம் மட்டும். மஞ்சள் மாமாவுக்கு ஆகவில்லை.

ஐந்தாம் மாதம் சங்கீதா குழந்தையோடு வடக்குத்துக்கு வருகிறாளாம். அதற்கப்புறம்தான் எனக்கு ஒரு கவலை வந்து உட்கார்ந்திருக்கிறது. பிள்ளை தவழுமே. அந்தச் சொரசொரப்பில் முட்டி என்னத்துக்கு ஆகும்? இதை உங்களில் ஒருத்தராவது யோசித்தீர்களா? நல்ல மெத்தென்ற கோரைப்பாயாக, ஹால் அளவுக்கு இரண்டு சொல்லியிருக்கிறேன். பார்சல் சர்வீஸில் வரும். நீயே போய் விரித்துக் கொடு. விளையாட்டு இல்லாமல், மூலை மடங்காமல்.

குழந்தை எழுந்து நிற்க ஆரம்பித்ததும் பாயைச் சுருட்டிவிடச் சொல். நடக்கிற காலத்தை அந்தத் தரை பார்த்துக்கொள்ளும்.

அத்தை